அருவிகளைக் காட்டப் போட்ட சாலை

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஐந்து மாதங்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உயரமான கட்டடங்களைப் பற்றியும் பெரிய கடைகளைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு சாலையைப் பற்றி எழுதுகிறேன். ஆரெகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் நகரத்துக்குக் கிழக்கே, கொலம்பியா ஆற்றின் தென்கரை மலையில் வளைந்து வளைந்து போகும் பழைய சாலை அது. இன்று அதன் பெயர் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலை’. அதில் நாங்கள் காரில் போனது சுமார் 35 கிலோமீட்டர் தூரந்தான். நிற்காமல் போனால் ஒரு மணி நேரம் ஆகாது. எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

அரசுப் பணியில் பெரும்பகுதியைப் பொதுப்பணித் துறையின் கணக்குப் பிரிவில் கழித்தவன் நான். சாலை என்றால் எனக்கு முதலில் எஸ்டிமேட், எம்.புக், ஒப்பந்தக்காரர் பில், ஆடிட் ஆட்சேபணை என்றுதான் நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் போக, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல, அவசரத்துக்கு மருத்துவமனைக்குப் போக என்று எந்தச் சாலைக்கும் ஒரு காரணம் கோப்பில் எழுதியிருக்கும். ‘அழகைப் பார்ப்பதற்காக’ என்று காரணம் எழுதிய கோப்பு எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதுவது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருப்போம். அப்படி ஒரு காரணத்தை முன்வைத்தே ஒரு சாலையைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் என்னை இழுத்தது. மகள் வீட்டுக்கு அருகே இருந்த பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்ததையும் நேரில் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பாரிஸில் தொடங்கிய கதை

இந்தச் சாலையின் கதை ஒருவகையில் பாரிஸில் தொடங்குகிறது. 1908-ஆம் ஆண்டு அங்கே முதல் உலகச் சாலை மாநாடு கூடியது. மோட்டார் கார்கள் புதிதாக வந்த காலம். அதுவரை ஐரோப்பாவில் நல்ல சாலை என்றால் நாம் சொல்லும் கப்பி ரோடுதான். ஜல்லியைப் பரப்பி உருளை ஓட்டி இறுக்கியிருப்பார்கள். குதிரை வண்டியின் இரும்புப் பட்டை ஜல்லியை இன்னும் இறுக்கும். காரின் ரப்பர் சக்கரமோ வேகமாக ஓடும்போது இடுக்கில் உள்ள மண்ணைப் பிடுங்கித் தூசியாக்கிவிடும். கொஞ்ச நாளில் ஜல்லி கழன்று போகும். நூறு ஆண்டுகள் உழைத்த சாலைகள் கண்முன்னே பாழாவதைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பல நாட்டுப் பொறியாளர்களை அழைத்தார்கள். புதிய வாகனத்துக்கு ஏற்ப சாலையை எப்படி மாற்றுவது என்பதே அங்கே பேச்சு. அதன் தொடர்ச்சியாக 1909-இல் பாரிஸில் ஏற்பட்ட உலகச் சாலைச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

அந்த மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து சென்றவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் சாமுவேல் ஹில். வழக்கறிஞர். ரயில்வே முதலாளி ஜேம்ஸ் ஹில்லின் மருமகன். (இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) நல்ல சாலைதான் தன் மதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் அவர். மற்றவர் பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டர். மாநாடு முடிந்ததும் ஐரோப்பியச் சாலைகளைப் பார்க்கப் போனார்கள். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரியை ஒட்டிப் பாறையைக் குடைந்து போட்ட ஆக்சன் சாலை அவர்களைக் கட்டிப் போட்டுவிட்டது. அங்கே சுரங்கப் பாதையின் பக்கச் சுவரில் ஜன்னல்போலத் திறந்து விட்டிருப்பார்கள். உள்ளே போகும்போதே ஏரியைப் பார்க்கலாம். நம் கொலம்பியா ஆற்றங்கரையிலும் இப்படி ஒன்று போட்டால் என்ன என்று ஹில் அப்போதே நினைத்தாராம்.

ஊர் திரும்பிய ஹில், வாஷிங்டன் மாநிலத்தில், அதாவது ஆற்றின் வடகரையில், மேரிஹில் என்ற தன் சொந்த நிலத்தில் தன் செலவில் 10 மைல் நீளத்துக்குச் சோதனைச் சாலைகள் போட்டுப் பார்த்தார். எந்தக் கலவை எத்தனை நாள் தாங்கும் என்று பல முறைகளில் தளம் போட்டுச் சோதித்தார். வாஷிங்டன் மாநில அரசு அவர் யோசனையை ஏற்கவில்லை. ஹில் சளைக்கவில்லை. அக்கரையில் இருந்த ஆரெகன் மாநில ஆளுநரையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் 1913-இல் அழைத்துவந்து தன் சாலையைக் காட்டினார். அந்த ஆண்டே ஆரெகனில் மாநில நெடுஞ்சாலை ஆணையம் அமைந்தது.

1913 ஆகஸ்டில் ஆற்றைப் பார்த்தபடி மலைமேல் இருந்த ஓர் உணவு விடுதியில் ஹில்லும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் மல்ட்னோமா மாவட்ட நிர்வாகிகளும் கூடிப் பேசிச் சாலை வேலையை முடிவு செய்தார்கள். அந்த விடுதியின் பெயர் ஷாந்தக்ளேர். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் நாங்கள் படித்த பழைய பிரெஞ்சுக் கதைகளில் நரியிடம் மாட்டிக்கொண்டு தப்பும் சேவலின் பெயர் அது. விடுதி 1930-இல் தீயில் போய்விட்டது. இடம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் முதலில் வண்டியை நிறுத்தவேண்டிய இடம் அதுதான்.

நூறு அடிக்கு ஐந்து அடி

லங்காஸ்டர் வேலை செய்த முறை, கோப்பு பார்த்தே பழகிய எனக்குப் புதுமையாக இருந்தது. வழக்கமாக இரண்டு ஊர்களுக்கு நடுவே குறைந்த தூரம் எது, குறைந்த செலவு எது என்று பார்த்துக் கோடு போடுவார்கள். இவர் முதலில் காட்டுக்குள் நடந்து அருவிகள், பாறை முனைகள், ஆறு விரிந்து தெரியும் மேடுகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் புள்ளிகளை இணைத்துச் சாலையை வரைந்தார்.

அதற்காகப் பொறியியலில் சமரசம் செய்துகொள்ளவில்லை. சாலையின் அகலம் 24 அடி. ஏற்றம் எந்த இடத்திலும் 100 அடிக்கு 5 அடிக்கு மேல் போகக் கூடாது. எந்த வளைவின் ஆரமும் 100 அடிக்குக் குறையக் கூடாது. இந்த ஐந்து சதவீதக் கணக்குக்கு நல்ல காரணம் உண்டு. அந்தக் கால ஃபோர்டு மாடல்-டி காரில் பெட்ரோல் டாங்கியிலிருந்து தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். செங்குத்தான மேட்டில் ஏறினால் டாங்கி தாழ்ந்து எஞ்சின் உயர்ந்து பெட்ரோல் போகாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்களாம்! லங்காஸ்டர் சாலையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உயரமான இடத்திலிருந்து ஐந்து சதவீதச் சரிவிலேயே கீழே இறங்கவேண்டும் என்றால் சாலை நீளவேண்டும். அதனால்தான் கிரவுன் பாயின்ட் என்ற முனையிலிருந்து இறங்கும் இடத்தில் சாலை எட்டு போட்டதுபோல மடங்கி மடங்கிப் போகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த பேத்தி, “தாத்தா, முன்னாடி போன அதே மரம் மறுபடியும் வருது” என்றாள்.

செங்குத்துச் சரிவுகளில் சாலையைத் தாங்கச் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் பொருத்திக் கட்டிய சுவர்களைப் பார்க்கலாம். இந்த வேலைக்கு இத்தாலியக் கொத்தர்கள் வந்தார்கள். ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சிறு வளைவுத் திறப்புகள். பள்ளங்களின்மேல் கான்கிரீட் பாலங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. நூறு ஆண்டைத் தாண்டியும் அவற்றின்மேல்தான் வண்டிகள் போகின்றன.

பணம் எங்கிருந்து வந்தது? தளம் போட 12½ லட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட மல்ட்னோமா மாவட்ட வாக்காளர்கள் 1915-இல் சம்மதித்தார்கள். வேலையை மேற்பார்வை செய்தவர் ஜான் யோன் என்ற மரவியாபாரி. கனடாவில் பிரெஞ்சு பேசும் குடும்பத்தில் ழான் பத்திஸ்த் என்ற பெயரோடு பிறந்து, கூலிக்கு மரம் வெட்ட ஆரெகன் வந்து, பெரும் பணக்காரர் ஆனவர். சாலைக் கண்காணிப்பாளராகச் சம்பளம் வாங்காமல் உழைத்தார். இன்னொருவர் சைமன் பென்சன். நார்வேயிலிருந்து வந்தவர். அவரும் மரத்தில் சம்பாதித்தவர். தன் கூலிக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் சாராயக் கடைக்குப் போகிறார்கள் என்று, போர்ட்லாண்ட் தெருக்களில் 20 வெண்கலக் குடிநீர்க் குழாய்கள் வைக்கப் பணம் கொடுத்தவர். அந்தக் குழாய்களில் இன்றும் தண்ணீர் வருகிறது. நானும் குடித்தேன்.

காட்டை வெட்டிச் சம்பாதித்தவர்களே காட்டின் அழகைக் காட்டச் சாலை போட்டார்கள் என்பது ஒரு முரண்தான். அவர்கள் செய்தது இரண்டையும் எழுதிவைப்பது நம் கடமை.

1916 ஜூன் 7 அன்று திறப்பு விழா. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் இருந்தபடி ஜனாதிபதி வுட்ரோ வில்சன் ஒரு மின்பொத்தானை அழுத்த, நாட்டின் மறுகோடியில் கிரவுன் பாயின்டில் கொடி விரிந்தது. கிழக்கே த டால்ஸ் என்ற ஊர்வரை 73 மைலும் முழுமையடைந்தது 1922-இல்.

வழியில் பார்த்தவை

கிரவுன் பாயின்ட் ஆற்று மட்டத்திலிருந்து 733 அடி உயரம். அதன் உச்சியில் எட்டுப் பட்டை வடிவில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. விஸ்டா ஹவுஸ் என்று பெயர். 1918-இல் திறந்தார்கள். பயணிகள் இளைப்பாறவும், கைகால் கழுவவும், மேலிருந்து பார்க்கவும் கட்டியது. உள்ளே சலவைக்கல், வண்ணக் கண்ணாடி. செலவு ஒரு லட்சம் டாலரைத் தொட்டபோது, ‘லட்சம் டாலர் கக்கூஸ்’ என்று உள்ளூரில் கேலி செய்தார்களாம். கணக்குப் பிரிவுக்காரனாக எனக்கு அந்தக் கேலி புரிகிறது. ஆனால் அங்கே நின்று, இரண்டு பக்கமும் கறுத்த பாறைச் சுவர்கள் எழ, நடுவில் ஆறு வெகுதூரம் போவதைப் பார்த்தபோது, நான் தணிக்கையாளராக இருந்தால்கூட அந்த பில்லைப் பாஸ் செய்திருப்பேன் என்று மகளிடம் சொன்னேன். காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. என்னைப் போன்ற வயதுக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தென்கரையில் இத்தனை அருவிகள் ஏன் என்பதற்கும் விடை உண்டு. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய பாறை அது. பிறகு பனியுகத்தின் முடிவில், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன், மேலே மலைநாட்டில் பனிக்கட்டியே அணையாக நின்று தேக்கிவைத்த பெரிய ஏரி உடைந்தது. ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் அணை கட்டி மீண்டும் மீண்டும் உடைந்தது. அந்த வெள்ளங்கள் பள்ளத்தாக்கின் ஓரங்களைச் செதுக்கிச் செங்குத்தாக்கிவிட்டன. மெதுவாக இறங்கி ஆற்றில் சேர்ந்துகொண்டிருந்த ஓடைகளுக்குத் திடீரென்று காலடியில் நிலம் இல்லாமல் போயிற்று. அவைதான் இன்று அருவிகள்.

லட்டூரல், ஷெப்பர்ட்ஸ் டெல், பிரைடல் வெயில், வாகீனா, மல்ட்னோமா, ஹார்ஸ்டெயில் என்று வரிசையாக வருகின்றன. பெரியது மல்ட்னோமா. மொத்தம் 620 அடி. மேல் அருவி 542 அடி விழுந்து, சற்றே நிதானித்து, மறுபடி 69 அடி விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் குறுக்கே ஒரு நடைபாலம். 1914-இல் பென்சன் கொடுத்த பணத்தில் கட்டியது. இந்த அருவியும் வாகீனாவும் இருந்த நிலத்தையும் அவர் மக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடிவாரத்தில் 1925-இல் கட்டிய கல்விடுதியில் சூடாகக் காப்பி கிடைத்தது. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்களாம். நாங்கள் போன அன்றும் குற்றாலச் சீசன் கூட்டந்தான். குளிக்க மட்டும் ஆளில்லை.

கூட்டம் இல்லாத ஓர் இடம்தான் எனக்குப் பிடித்தது. ஷெப்பர்ட்ஸ் டெல் என்ற சிறிய பள்ளம். பாலத்தின் ஓரமாகச் சில படிகள் இறங்கினால் பாசி படர்ந்த பாறை, சின்ன அருவி. ஜார்ஜ் ஷெப்பர்ட் என்பவர் மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்த சாதாரண விவசாயி. சாலை வரும்போது அந்த நிலத்துக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். அவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக அந்த இடத்தை ஊருக்குத் தானமாகக் கொடுத்தார். பென்சனுக்குப் பாலம் இருக்கிறது, ஹில்லுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஷெப்பர்டுக்கு இந்தப் பள்ளமும் பெயரும். என் மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவளும் எனக்குமுன் போய்விட்டவள். அந்தப் படியில் நான் உட்கார்ந்திருந்தபோது, மகள் ஏதும் கேட்காமல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் மறுபக்கம் போய் நின்றாள்.

மூடியதும் எரிந்ததும்

அழகுக்காகப் போட்ட சாலைக்கு ஆயுள் குறைவாகவே இருந்தது. லாரிகள் பெருத்தன, வேகம் கூடியது. 24 அடி அகலமும் வளைவுகளும் இடைஞ்சலாகத் தெரிந்தன. 1940-களின் இறுதியிலிருந்து ஆற்று மட்டத்திலேயே நேராகப் புதிய நெடுஞ்சாலை போட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய இன்டர்ஸ்டேட் 84. பழைய சாலையின் பல துண்டுகள் கைவிடப்பட்டன. ஆக்சன் சாலையை நினைத்து லங்காஸ்டரின் ஆட்கள் மிட்செல் பாயின்டில் ஐந்து ஜன்னல்கள் வைத்துக் குடைந்த சுரங்கத்தை 1966-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

நல்லவேளையாக மக்கள் விழித்துக்கொண்டார்கள். 1986-இல் இந்தப் பள்ளத்தாக்கை தேசிய எழில் பகுதியாக அறிவிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ரேகன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு, எஞ்சிய சாலையைக் காக்கவும், அறுந்த துண்டுகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாதையாக இணைக்கவும் மாநிலச் சட்டமன்றம் ஆணையிட்டது. 2000-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. அந்த இணைப்பு வேலை பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக நடந்துவருகிறது. இடிப்பதற்குச் சில நாள் போதும். இணைப்பதற்கு ஒரு தலைமுறை போதவில்லை.

2017 செப்டம்பர் 2 அன்று, கோடை முடியும் தறுவாயில் காய்ந்து கிடந்த காட்டில், 15 வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாக ஒரு வெடியைக் கொளுத்திப் பள்ளத்தில் போட்டான். ஈகிள் கிரீக் தீ என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 50,000 ஏக்கர் எரிந்தது. மலையேறப் போன சுமார் 150 பேர் அன்றிரவு காட்டுக்குள் மாட்டிக்கொண்டு மறுநாள்தான் வெளியே வந்தார்கள். தீ ஆற்றைத் தாண்டி அக்கரைக்கும் பறந்தது. மல்ட்னோமா விடுதியைத் தீயணைப்பு வீரர்கள் இரவெல்லாம் தண்ணீர் அடித்துக் காப்பாற்றினார்கள். 1948-இல் மூடி, 2009-இல் மரப்பலகை போட்டுப் புதுப்பித்துத் திறந்த ஒனியான்டா சுரங்கத்தின் பலகை முழுவதும் எரிந்தது.

நீதிமன்றம் அந்தப் பையனுக்கு 1,920 மணி நேரச் சமூகசேவை விதித்தது. நஷ்ட ஈடாக 3,66,18,330 டாலர் 24 சென்ட் கட்டவேண்டும் என்றது. அந்த 24 சென்டைப் படித்து நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கோ ஒரு குமாஸ்தா எல்லாத் துறைகளின் பட்டியலையும் வைத்துக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறார். அத்தனை கோடியைப் பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே கட்டுவான் என்று நீதிபதிக்கும் தெரியும். தவணையாகக் கட்டலாம், நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றினால் பத்து ஆண்டுக்குப் பின் மீதியை நிறுத்திவிடலாம் என்று வழியும் வைத்தார். தொகையை ஒரு காசு குறைக்காமல் எழுதியதும், பையனின் வாழ்க்கை முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டதும் எனக்குச் சரியாகப் பட்டது.

கருகிய மரங்கள் இன்னும் குச்சி குச்சியாக நிற்கின்றன. அடியில் பச்சை வந்துவிட்டது.

பெயர் மட்டும் மிஞ்சிய இடம்

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்தப் பகுதியின் வரைபடத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் செயின், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை மனப்பாடம் செய்தோம். நம் சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் படிப்பு அறுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் உதவியது! தோல் வியாபாரத்துக்காகப் படகில் வந்த பிரெஞ்சுக் கனடியர்கள் வைத்த பெயர்கள் அங்கே நிறைய. டெஷூட்ஸ் என்கிறார்களே அந்த ஆறு ‘ரிவியேர் தே ஷூத்’, அதாவது அருவிகளின் ஆறு. பழைய சாலை போய் முடியும் த டால்ஸ் என்ற ஊரின் பெயர் ‘தால்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் வீட்டில் பதிக்கும் கல்பலகை தால்தான். கனடியர் பேச்சில் அதற்குத் தண்ணீர் ஓடும் கால்வாய் என்றும் பொருள். அந்த இடத்தில் ஆறு கற்பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிச் சீறிப் பாய்ந்ததால் அந்தப் பெயர்.

இப்போது அந்தப் பாய்ச்சல் இல்லை. த டால்ஸுக்குச் சற்றுக் கிழக்கே செலிலோ என்ற பேரருவி இருந்தது. உயரத்தில் மல்ட்னோமாவுக்கு ஈடில்லை. ஆனால் கொலம்பியா என்ற மாபெரும் ஆறே முழுவதுமாக விழுந்த இடம் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் அங்கே மரமேடை கட்டி நின்று, நீண்ட கழியில் வலை கட்டி, எதிர்நீச்சல் போட்டு வரும் சால்மன் மீனைப் பிடித்தார்கள். பல இனத்தவர் கூடும் பெரிய சந்தை அது. 1855-இல் அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. 1957 மார்ச் 10 அன்று புதிய அணையின் கதவுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் செலிலோ தண்ணீருக்கடியில் போய்விட்டது. கரையில் நின்று அதைப் பார்த்த முதியவர்கள் அழுதார்கள். மீன்பிடி இடம் போனதற்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். பின்னாளில் ஒலியலைக் கருவி கொண்டு ஆற்றடியை அளந்தபோது பாறைகள் அப்படியே இருப்பது தெரிந்தது. அருவி உடையவில்லை, மூழ்கிக் கிடக்கிறது.

மேற்கே அருவிகளைப் பார்ப்பதற்கென்றே சாலை போட்டு, நிலத்தைத் தானம் கொடுத்து, பாலம் கட்டிக் காத்தார்கள். அதே சாலை முடியும் இடத்துக்குப் பக்கத்தில், அதே ஆற்றில், எல்லாவற்றிலும் பெரிய அருவியை மூழ்கடித்தார்கள். மின்சாரம் வேண்டும், படகுப் போக்குவரத்து வேண்டும் என்ற காரணங்கள் கோப்பில் சரியாகவே இருந்திருக்கும். பணிக்காலத்தில் நிலம் எடுப்பு நஷ்ட ஈட்டுப் பட்டியல்களை நானும் தட்டச்சு செய்திருக்கிறேன். தென்னை மரம் இத்தனை, கிணறு ஒன்று, ஓட்டுவீடு ஒன்று என்று எழுதுவோம். எதிரே நிற்கும் பெரியவர், “ஐயா, எங்கப்பா சமாதி அங்கதான் இருக்கு” என்பார். அதற்குப் பட்டியலில் கட்டம் இருக்காது. செலிலோவைப் பற்றிப் படித்த அன்றிரவு அந்தப் பெரியவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

மேற்குப் பகுதியை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது. ஆகவே, பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. காலையில் ட்ரௌட்டேல் என்ற ஊரில் பெரிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையைப் பிடியுங்கள். கோடையில் சில நாட்களில் வண்டி நிறுத்த நேரம் குறித்து முன்பதிவு வேண்டியிருக்கும், பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் விஸ்டா ஹவுஸ், லட்டூரல், மல்ட்னோமா மூன்றிலும் அதிகம் நடக்காமலே பார்க்கலாம். ஷெப்பர்ட்ஸ் டெல்லில் படிகள் உண்டு, ஆனால் இறங்குங்கள். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் நல்லது. நேரம் இருந்தால் அத்துடன் திரும்பிவிடாமல், பெரிய நெடுஞ்சாலையிலேயே இன்னும் ஒன்றே கால் மணி நேரம் கிழக்கே போய், செலிலோவில் கரையோரம் இருக்கும் சிறு பூங்காவில் வண்டியை நிறுத்துங்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அகன்ற தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும். பேத்தி பேரன் கூட வந்தால், இதற்கடியில் ஓர் அருவி இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.